விரலில் ரேகை எழுதியது யார்?

(நெய்வேலி நகரியத்தில் பள்ளி மாணவர்களிடையே ஆற்றிய அறிவியல் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பேச வந்திருக்கும் பொருள் உங்கள் கையிலேயே இருக்கிறது. உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளைத்தாள், ஒரு பென்சில், ஒரு துண்டு செலோடேப் கொடுத்திருக்கிறார்கள். தாளின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பென்சிலால் நன்றாகத் தேய்த்துக் கறுப்பாக்குங்கள். இடது கை ஆள்காட்டி விரல் நுனியை அந்தக் கறுப்பின் மேல் வைத்து ஒரு பக்கமிருந்து மறுபக்கம் உருட்டுங்கள். கரி ஏறிவிட்டதா? இப்போது விரலின் மேல் செலோடேப்பை ஒட்டி, மெதுவாக உரித்து, தாளின் வெள்ளைப் பகுதியில் ஒட்டிவிடுங்கள். வந்துவிட்டதா? அதுதான் உங்கள் ரேகை.

அவசரப்படாமல் பாருங்கள். ஏதாவது ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு பென்சில் முனையால் அதன் கூடவே போங்கள். கொஞ்ச தூரம் போனதும் அது சட்டென்று நின்றுவிடும். வேறொன்றைப் பிடித்துப் போனால் அது இரண்டாகப் பிரியும். இன்னொன்று பிரிந்து, சிறிது தூரம் போய், மறுபடியும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஒரு சின்னப் புள்ளி தனியாக நிற்கும். நிற்கும் இடம், பிரியும் இடம், சேரும் இடம், புள்ளி இருக்கும் இடம் ஆகிய இவற்றை நுண்குறிகள் என்கிறோம். நன்றாக உருட்டி எடுத்த ஒரு விரலில் நூறு நுண்குறிகள்கூடத் தேறும்.

கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தால் மொத்த உருவம் தெரியும். கோடுகள் ஒரு பக்கமிருந்து எழும்பி மறுபக்கம் இறங்கிப் போனால் அது வில். ஒரு பக்கமிருந்து வந்து, வளைந்து, வந்த பக்கமே திரும்பிப் போனால் கண்ணி. நடுவில் வட்டமாகச் சுற்றிக்கொண்டால் சுழல். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சுழலைச் சக்கரம் என்பார்கள், கண்ணியைச் சங்கு என்பார்கள். எல்லா மனிதர்களின் விரல்களையும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 60-க்கு மேல் கண்ணி. சுழல் 30 முதல் 35 வரை. வில் சுமார் 5. உங்களில் யாருக்காவது வில் இருந்தால் கை தூக்குங்கள். பார்த்தீர்களா, இத்தனை பேர் இருக்கும் கூட்டத்தில் சில கைகள்தான் எழுகின்றன.

இந்த ஊர் ஒரு கேள்வியிலிருந்து பிறந்த ஊர். 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது, தண்ணீரோடு கரும்பழுப்பாக ஏதோ மேலே வந்தது. அவர் அதைத் தூக்கி எறிந்துவிடவில்லை. அது என்னவென்று அதிகாரிகளிடம் கேட்டார். அந்தக் கேள்வியின் நீளம்தான் 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிலக்கரி நிறுவனமும், நீங்கள் குடியிருக்கும் வட்டங்களும், பக்கத்தில் இருக்கும் சுரங்கங்களும், அனல் மின் நிலையங்களும். அதனால் நெய்வேலிப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வியை வைப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. உங்கள் விரலில் இதை எழுதியது யார்?

அம்மாவின் வயிற்றில் நடந்த கதை

கரு வளரத் தொடங்கி ஆறு, ஏழு வாரத்தில் கை என்பது ஒரு சின்னத் துடுப்பு போல இருக்கும். விரல்கள் பிரிந்ததும் ஒவ்வொரு விரல் நுனியிலும் சதை கொஞ்சம் புடைத்துக்கொள்ளும். இதைத் திண்டு என்று வைத்துக்கொள்வோம். பத்தாம், பதினோராம் வாரத்தில் விரல் வளர்ந்துகொண்டே போக, திண்டு அந்த வேகத்துக்கு வளராமல் பின்தங்கும். மெல்ல விரலோடு கரைந்துவிடும். ரேகை தொடங்குவது சரியாக இந்தச் சமயத்தில். அப்போது குழந்தையின் மொத்த உடலே உங்கள் விரல் நீளம்தான் இருக்கும்.

நம் தோல் இரண்டு பகுதி கொண்டது: மேல்தோல், அதன் கீழே உள்தோல். மேல்தோலின் அடிமட்டத்தில் இருக்கும் உயிரணுக்கள் சில இடங்களில் வேகமாகப் பெருகி உள்தோலுக்குள் இறங்குகின்றன. அந்த இடங்கள் வரிவரியாக அமைகின்றன. வெளியே நாம் பார்க்கும் மேட்டுக்கு அடித்தளம் இந்த உள்வரிகள்தான். சுமார் 17 வாரத்தில் முதன்மை வரிகளின் அமைப்பு உறுதியாகிவிடும். ஆறாம் மாதத்துக்குள் மேற்பரப்பிலும் தெளிவாகத் தெரியும். நீங்கள் பிறப்பதற்கு முன்பே, உங்களுக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே, ரேகை எழுதி முடிந்துவிட்டது.

எப்படி வரிவரியாக வருகிறது? ஸ்காட்லாந்தின் எடின்பரோ ஆய்வாளர்கள் 2023-இல் இதற்கு விடை சொன்னார்கள். உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று வேதிப்பொருள்களால் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. அவற்றில் வின்ட் என்ற செய்தி, இங்கே மேடு எழுப்பு என்று தூண்டுகிறது. பி.எம்.பி. என்ற இன்னொரு செய்தி, வேண்டாம் என்று தடுக்கிறது. தூண்டுவதும் தடுப்பதும் ஒரே இடத்தில் மோதிக்கொள்ளும்போது மேடு, பள்ளம், மேடு, பள்ளம் என்று தானாகவே இடைவெளி விழுகிறது. இப்படித்தான் நடக்க முடியும் என்று 1952-இலேயே கணக்குப் போட்டு எழுதினார் ஆலன் டூரிங். கணினி அறிவியலின் தந்தை என்று பாடத்தில் படிப்பீர்களே, அவரேதான். வரிக்குதிரையின் கோடுகளையும் சிறுத்தையின் புள்ளிகளையும் விளக்கப் பயன்படும் அதே கணக்கு, உங்கள் விரலையும் விளக்குகிறது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. ரேகையின் மேடும், உடம்பில் முடி முளைக்கும் குழியும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. முடிக்குழி மேலும் மேலும் உள்ளே இறங்கி முடியை வளர்க்கிறது. விரல் நுனியில் அந்த வேலை பாதியிலேயே நின்றுவிடுகிறது. உள்ளங்கையில் முடி இல்லை, ரேகை இருக்கிறது என்பதை இனி நினைத்துப் பாருங்கள்.

கோடுகள் விரல் முழுவதும் ஒரே நேரத்தில் தோன்றுவதில்லை. மூன்று இடங்களில் தொடங்குகின்றன. ஒன்று திண்டின் நடு. ஒன்று நகத்துக்குக் கீழே விரலின் முனை. ஒன்று மூட்டு மடியும் இடம். மூன்றிலிருந்தும் வரிகள் அலையாகப் பரவி வந்து சந்திக்கின்றன. திண்டு உயரமாக, நடுவாக இருந்தால் அலை வட்டமாகப் பரவிச் சுழல் கிடைக்கிறது. திண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் கண்ணி. திண்டு தாழ்ந்து போயிருந்தால் வில். அலைகள் சந்திக்கும் இடத்தில் மூன்று பக்கமிருந்தும் கோடுகள் வந்து முட்டும் ஒரு முக்கோணம் உருவாகும். உங்கள் தாளில் கண்ணியோ சுழலோ இருந்தால் பக்கவாட்டில் அந்த முக்கோணத்தைத் தேடிப் பாருங்கள்.

ஏன் ஒன்றைப் போல் இன்னொன்று இல்லை?

இங்கே கூர்ந்து கேளுங்கள். திண்டு எப்போது புடைக்கும், எவ்வளவு உயரும், எப்போது கரையும் என்பதில் பெற்றோரிடமிருந்து வந்த மரபணுவுக்குப் பெரிய பங்கு உண்டு. அதனால்தான் சில குடும்பங்களில் சுழல் அதிகம், சில குடும்பங்களில் கண்ணி அதிகம். ஆனால் ஒரு கோடு எந்த இடத்தில் நிற்க வேண்டும், எந்த இடத்தில் பிரிய வேண்டும் என்று எந்த மரபணுவிலும் குறித்து வைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்த உயிரணு எங்கே இருந்தது, பக்கத்து உயிரணு எவ்வளவு சீக்கிரம் பிரிந்தது, அலை ஒரு பக்கம் அரை நாள் முந்தியதா பிந்தியதா, விரல் எந்த அளவு வளர்ந்திருந்தது என்று ஆயிரம் சின்னச் சின்னத் தற்செயல்கள் சேர்ந்து அதை முடிவு செய்கின்றன. விதி ஒன்றுதான், அது நடந்தேறும் விதம் ஒவ்வொரு முறையும் வேறு.

பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழம் பார்த்திருப்பீர்கள். ஒரே மரத்தில் காய்த்த இரண்டு பழங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூ இருந்த இடம். இரண்டுக்கும் மரம் ஒன்று, தோலின் மரபணு ஒன்று, முள் முளைக்கும் முறையும் ஒன்று. ஆனாலும் ஒரு பழத்தின் முள் வரிசையை இன்னொன்றின் மேல் அச்சுப் பிசகாமல் பொருத்த முடியுமா? முடியாது. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர்களின் விரலும் இப்படித்தான். மரபணு இருவருக்கும் ஒன்று என்பதால் ஒருவருக்குச் சுழல் இருக்கும் விரலில் மற்றவருக்கும் பெரும்பாலும் சுழலே இருக்கும். கோடுகளின் எண்ணிக்கைகூட நெருங்கி வரும். ஆனால் நுண்குறிகள் வேறு. முகத்தை வைத்து அம்மாவே குழம்பலாம். ரேகையை உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பவர் குழம்ப மாட்டார். இரட்டையரை விடுங்கள், உங்கள் வலது கட்டைவிரலும் இடது கட்டைவிரலும்கூட ஒன்றல்ல. உங்களிடமே பத்து வெவ்வேறு ரேகைகள் இருக்கின்றன.

நீங்கள் வளர வளர கோடுகள் கூடுமா? கூடாது. குழந்தையாக இருந்தபோது இருந்த அதே கோடுகள்தான், அதே நுண்குறிகள்தான் இப்போதும் இருக்கின்றன. கோடுகளுக்கு இடையிலான தூரம் மட்டும் உடம்போடு சேர்ந்து விரிகிறது. பெரியவர்களுக்கு அந்த இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். கைக்குழந்தைக்கு அது மிகவும் குறைவு, தோலும் மென்மை. அதனால்தான் ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு ஆதார் எடுக்கும்போது விரல் ரேகை எடுப்பதில்லை. ஐந்து வயதில் ஒரு முறை, பதினைந்து வயதில் ஒரு முறை புதிதாகப் பதிய வேண்டும் என்பது விதி. உங்களில் பலர் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்று விரல் வைத்திருப்பீர்கள்.

ரேகை எதற்கு?

ரேகை மேட்டின் மேல் வரிசையாக வியர்வைத் துளைகள் இருக்கின்றன. விரலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. கண்ணாடி டம்ளரில் நாம் விட்டுச் செல்லும் ரேகை, வியர்வையும், முகத்தையும் தலையையும் தொட்டபோது ஒட்டிய எண்ணெயும் சேர்ந்தது. மேடும் பள்ளமும் இருப்பதால் விரலடியில் ஈரம் அளவாக நிற்கிறது; வழுக்காமல் பிடிக்க அது உதவுகிறது. இன்னொரு பயன் தொடு உணர்வு. இப்போது உங்கள் பாவாடையின் மேலோ கால்சட்டையின் மேலோ விரலை மெல்ல இழுங்கள். துணியின் இழையில் ரேகையின் மேடு தட்டித் தட்டிச் செல்லும்போது ஓர் அதிர்வு எழுகிறது. அந்த அதிர்வைத் தோலுக்குள் ஆழத்தில் இருக்கும் நரம்பு முனைகள் பிடிக்கின்றன. பட்டா, பருத்தியா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறீர்களே, அதில் ரேகைக்கும் பங்கு இருக்கிறது.

சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் ரேகை உண்டு. மரத்தில் வாழும் ஆஸ்திரேலியக் கோலாவுக்கும் உண்டு. அதன் ரேகை நம் ரேகையைப் போலவே இருக்கும். தென் அமெரிக்காவின் சிலந்திக் குரங்கு வாலால் கிளையைப் பிடித்துத் தொங்கும். அந்த வாலின் அடிப்பக்கத்திலேயே ரேகை இருக்கிறது. வீட்டில் மாடு இருந்தால் அதன் மூக்கைப் பாருங்கள். அங்கேயும் மேடு பள்ளமாக ஒரு வடிவம் இருக்கிறது, மாட்டுக்கு மாடு வேறு. மூக்கு அச்சை வைத்து மாட்டை அடையாளம் காண்கிறார்கள்.

இந்தியாவில் எழுதிய கணக்கு

ரேகையை அடையாளமாகப் பயன்படுத்தும் முறை உலகின் பல நாடுகளுக்கு இந்தியாவிலிருந்து போனது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1858-இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற இளம் ஆங்கில அதிகாரி, சாலைக்குப் பொருள் தர ஒப்புக்கொண்ட ராஜ்யதர் கோனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி, ஒப்பந்தத் தாளில் பதிய வைத்தார். பின்னால் கையெழுத்து என்னுடையதல்ல என்று மறுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். அது அவருக்கு வாழ்நாள் ஆர்வமாகிவிட்டது. தம் விரல் ரேகையையே இளமையில் எடுத்தார், நடுவயதில் எடுத்தார், முதுமையில் 1916-இலும் எடுத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்தும் நுண்குறிகள் இடம் மாறவில்லை.

ரேகை மாறாது என்று தெரிந்தால் போதுமா? லட்சம் பேரின் ரேகைத் தாள்கள் அலமாரியில் கிடந்தால், கையில் இருக்கும் ஒன்றுக்கு ஜோடியை எப்படித் தேடுவது? இதற்கு வழி கண்டவர்கள் கல்கத்தாவில் எட்வர்ட் ஹென்றி என்ற காவல் அதிகாரியின் கீழ் பணியாற்றிய இரண்டு இந்தியர்கள்: அசிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ். அவர்கள் போட்ட கணக்கை நீங்கள் இப்போதே போடலாம்.

வலது கட்டைவிரலை 1 என்று தொடங்கி வலது சுண்டுவிரல் 5 வரை எண்ணுங்கள். இடது கட்டைவிரல் 6, இடது சுண்டுவிரல் 10. இரண்டிரண்டாக ஐந்து ஜோடிகள். முதல் ஜோடிக்கு மதிப்பு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1. சுழல் இருக்கும் விரலுக்கு மட்டும் அந்த மதிப்பைக் கொடுங்கள், மற்றதற்குப் பூஜ்யம். இரட்டைப்படை விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்தால் மேல் எண். ஒற்றைப்படை விரல்களைக் கூட்டி ஒன்று சேர்த்தால் கீழ் எண். ஒரு மாணவிக்கு 1, 2, 6 ஆகிய விரல்களில் சுழல் என்று வைத்துக்கொள்வோம். மேலே 16, 4, 1 சேர்ந்து 21. கீழே 16, 1 சேர்ந்து 17. அவருடைய தாள் 21-க்குக் கீழ் 17 என்ற அறைக்குப் போகும். மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு, ஆக 1,024 அறைகள். லட்சம் தாள்களைப் புரட்ட வேண்டியதில்லை. ஓர் அறையைத் திறந்தால் போதும். 1, 2, 4, 8, 16 என்ற எண்களை எப்படிக் கூட்டினாலும் ஒரு விடைக்கு ஒரே வழிதான் இருக்கும். அந்த எளிய உண்மையில் இவ்வளவு பெரிய வேலை நடந்தது.

1897-இல் கல்கத்தாவில் உலகின் முதல் விரல்ரேகைக் கூடம் திறந்தது. அந்தச் சமயத்தில் ஜல்பைகுரியில் ஒரு தேயிலைத் தோட்ட மேலாளர் கொலை செய்யப்பட்டார். அங்கே கிடந்த வங்காளப் பஞ்சாங்கம் ஒன்றில் பழுப்பு நிறத்தில் ஒரு ரேகைத் தடம் இருந்தது. கூடத்தில் இருந்த பழைய தாள்களோடு ஒப்பிட்டார்கள். முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற, அந்த மேலாளர் வீட்டிலேயே வேலை பார்த்த ஒருவரின் வலது கட்டைவிரலோடு அது பொருந்தியது. நீதிமன்றம் அவருக்குத் திருட்டுக்குத் தண்டனை கொடுத்தது, கொலைக்குக் கொடுக்கவில்லை. அந்தப் பொருளைத் தொட்டது இந்த விரல் என்பதைத்தான் ரேகை காட்டும். கொன்றது இந்தக் கை என்பதை அதுமட்டும் காட்டிவிடாது என்று நீதிபதிகள் கருதினார்கள். 125 ஆண்டுகளுக்கு முன்பே அவ்வளவு தெளிவு இருந்தது. 1901-இல் லண்டன் காவல்துறை இதே முறையை எடுத்துக்கொண்டது. முறைக்கு ஹென்றியின் பெயரே நின்றது. நீங்கள் சொல்லும்போது ஹக்கின் பெயரையும் போஸின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரேகை சொல்லாதது

ரேகை நம்மைப் பற்றி என்ன சொல்லும்? இது இந்த ஆளின் விரல் என்று சொல்லும். அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்காதீர்கள்.

1892-இல் விரல்ரேகை பற்றி முதல் பெரிய நூலை எழுதிய ஃபிரான்சிஸ் கால்டன், இனத்துக்கு இனம் ரேகை வேறுபடும், அறிவாளிக்கும் அறிவு குறைந்தவருக்கும் வேறுபடும் என்று எதிர்பார்த்துத் தேடினார். பல இனத்தவரின் ரேகைகளைச் சேர்த்து ஒப்பிட்டார். இது இன்னாருக்கே உரியது என்று சொல்லும்படியான ஓர் அடையாளமும் கிடைக்கவில்லை என்று அவரே எழுதினார். மனிதரைத் தரம் பிரிக்க ஆசைப்பட்டுத் தேடியவருக்கே ரேகை அந்த வசதியைக் கொடுக்கவில்லை. உங்கள் விரலில் சாதி இல்லை, மதம் இல்லை, உயர்வு தாழ்வு இல்லை.

சிதம்பரம் தாண்டிப் போனால் வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி ஜோதிடம் பார்க்கிறார்கள். ஆணுக்கு வலது கட்டைவிரல், பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகை வாங்கிக்கொண்டு ஏடு தேடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் யாராவது போய் வந்திருக்கலாம். அவர்களைப் புண்படுத்த எனக்கு விருப்பம் இல்லை. ஆனால் ரேகை எப்படி உண்டானது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். அம்மாவின் வயிற்றில் உயிரணுக்கள் அனுப்பிக்கொண்ட செய்தியில், உங்களுக்கு எந்த வயதில் வேலை கிடைக்கும் என்ற தகவல் எப்படி நுழைந்திருக்க முடியும்? அதை நீங்களே யோசித்துச் சொல்லுங்கள்.

ஜோதிடத்தைவிட எனக்குக் கவலை தருவது வேறு ஒன்று. குழந்தையின் பத்து விரலையும் ஸ்கேன் செய்து, இவன் கணக்குக்கு லாயக்கு, இவள் இசைக்கு லாயக்கு, இந்தக் குரூப்பில் சேருங்கள் என்று அறிக்கை தரும் சோதனை ஒன்றைப் பணம் வாங்கிக்கொண்டு விற்கிறார்கள். கணினியில் வண்ண வண்ணமாகப் படம் வருவதால் அது அறிவியல் ஆகிவிடாது. இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லிவிட்டது. பெற்றோர்களே, கைகூப்பிக் கேட்கிறேன், அந்தப் பணத்தில் பிள்ளைக்கு நல்ல புத்தகங்கள் வாங்கிக் கொடுங்கள். பிள்ளைகளே, எனக்குக் கணக்கு வராது என்று என் விரல் சொல்லிவிட்டது என்று ஒருபோதும் நம்பாதீர்கள். விரல் அப்படி எதையும் சொல்லவில்லை.

அடையாளம் காட்டும் வேலையிலும் ரேகைக்கு எல்லை உண்டு. விரல்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை என்பது உண்மை. ஆனால் ஒரு பையின் மேலோ கதவின் மேலோ விழுந்த தடம் முழு விரல் அல்ல. பாதி இருக்கும், மங்கியிருக்கும், அழுந்தியிருக்கும். 2004-இல் ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் ரயில்களில் குண்டு வெடித்தது. கிடைத்த ஒரு தடம் பிராண்டன் மேஃபீல்டு என்ற அமெரிக்க வழக்கறிஞருடையது என்று அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். அவரைச் சிறையில் வைத்தார்கள். பிறகு ஸ்பெயின் போலீசார் அது வேறொருவரின் விரல் என்று கண்டுபிடித்தார்கள். அமெரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. ஒப்பிடுவது மனிதக் கண்; அதற்குப் பொறுப்பும் பொறுமையும் வேண்டும்.

தேயும் ரேகை, தேயாத மனிதர்

கடைசியாக நம் பக்கத்து ஊர்களுக்கு வருகிறேன். பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, விருத்தாசலம் பக்கம் முந்திரி உடைக்கிற பெண்களை உங்களுக்குத் தெரியும். உங்களில் சிலருடைய அம்மா, பாட்டி, அத்தை அந்த வேலை செய்பவர்களாக இருக்கலாம். முந்திரியின் ஓட்டுக்குள் காரமான ஓர் எண்ணெய் இருக்கிறது. அது பட்டால் தோல் வெந்து கறுத்து உரியும். கையில் சாம்பல் தடவிக்கொண்டு, எண்ணெய் தடவிக்கொண்டு உடைக்கிறார்கள். ஆனாலும் விரல் நுனி கறுத்து வழவழப்பாகிவிடுகிறது. ரேகை இருந்த இடமே தெரியாது. செங்கல் சூளையில், சிமெண்டில், வயலில் உழைப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இப்படித் தேய்வதுண்டு.

இது நிரந்தரமா? பெரும்பாலும் இல்லை. ரேகையின் அடித்தளம் மேல்தோலும் உள்தோலும் சேரும் இடத்தில் இருக்கிறது என்று சொன்னேன். மேலே இருப்பது தேய்ந்து போனாலும், அடியிலிருந்து புதுத் தோல் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேலே வந்து சேரும். பழைய ரேகையைக் கோடு மாறாமல் திரும்ப எழுதும். அமெரிக்காவில் ஜான் டில்லிஞ்சர் என்ற கொள்ளைக்காரன் 1934-இல் போலீசிடமிருந்து தப்ப அமிலம் ஊற்றித் தன் ரேகையை அழித்துப் பார்த்தான். அவன் இறந்தபோது எடுத்த ரேகையிலும் அவனை அடையாளம் கண்டார்கள். உள்தோல் வரை ஆழமாக வெட்டுப்பட்டால் மட்டுமே தழும்பு நிலைக்கும். முந்திரி உடைக்கிற பெண்ணுக்குச் சில வாரம் ஓய்வு கிடைத்தால் ரேகை திரும்பிவிடும். ஆனால் அந்தச் சில வாரத்துக்குக் கூலி யார் கொடுப்பார்கள்?

இங்கேதான் உங்கள் படிப்பு உதவ வேண்டும். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 முதல் விரல் வைத்துப் பொருள் வாங்கும் முறை நடக்கிறது. பாட்டி விரல் வைத்துப் பார்க்கிறார், இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்து மறுபடி வைக்கிறார், ஏற்கவில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். பாட்டி கூனிக் குறுகி நிற்கிறார், தாம் ஏதோ தவறு செய்தவர் போல. ஆயுள் முழுக்க உழைத்துத் தேய்ந்த விரல் அது. வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது?

அப்போது நீங்கள் பாட்டிக்குப் பக்கத்தில் நில்லுங்கள். ஒரே விரலை மறுபடி மறுபடி வைக்க வேண்டியதில்லை. பத்தில் எது நன்றாகப் பதிகிறதோ அந்த விரலை வைக்கலாம். கட்டைவிரலைவிட மோதிர விரல் குறைவாகத் தேய்ந்திருக்கலாம். கை காய்ந்திருந்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு வைக்கச் சொல்லுங்கள். கருவிழியைப் படிக்கும் கருவி பல கடைகளுக்கு வந்திருக்கிறது. அது இருந்தால் அதைக் கேளுங்கள். ரேகை பதியவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது என்று 2017-இலேயே மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதை மரியாதையாக, தெளிவாக எடுத்துச் சொல்லுங்கள். கடையில் இருப்பவரும் நம் ஊர்க்காரர்தான், பொறுமையாகச் சொன்னால் கேட்பார்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் இருக்கும் எல்லோருடைய பத்து விரலையும் பென்சிலாலும் செலோடேப்பாலும் எடுங்கள். ஹக்கும் போஸும் போட்ட கணக்கைப் போட்டு ஒவ்வொருவருக்கும் எண் கண்டுபிடியுங்கள். அண்ணனுக்கும் உங்களுக்கும் எத்தனை விரலில் ஒரே வடிவம் என்று பாருங்கள். பிறகு நுண்குறிகளை எண்ணி, எங்கே வேறுபடுகிறது என்று பாருங்கள். யாருக்குத் தேய்ந்திருக்கிறது, என்ன வேலையால் தேய்ந்தது என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தாள்கள் உங்கள் குடும்பத்தினரின் தனிப்பட்ட அடையாளம். படம் எடுத்து யாருக்கும் அனுப்பாதீர்கள். வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். எண்களையும் நீங்கள் கண்டதையும் மட்டும் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கொண்டு வந்து காட்டுங்கள்.

விரலில் ரேகை எழுதியது யார் என்று கேட்டோம். எழுத என்று ஒருவர் உட்காரவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஓர் இயற்கை விதியும், உங்களுக்கு மட்டும் நேர்ந்த ஆயிரம் தற்செயல்களும் சேர்ந்து எழுதின. அந்த விதியில் நாம் எல்லோரும் ஒன்று. அந்தத் தற்செயலில் ஒவ்வொருவரும் தனி. இரண்டையும் மறக்காதவர் சக மனிதரைத் தாழ்வாக நினைக்க மாட்டார், தம்மையும் தாழ்வாக நினைக்க மாட்டார். நீங்கள் அப்படி வளர வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.